மச்சினன் எம்.எல்.ஏ. ஆகப்போகிறானாம், பெங்களூர்த் தமிழ்ப் பையனுக்கு அப்படி ஒரு வழி இருக்கிறதா?

ஹலசூர்வாசி

எல்லோருக்கும் வணக்கம். எந்தக் கட்சி நல்ல கட்சி என்று யாரும் இங்கே ஆரம்பிக்க வேண்டாம், அதற்கு வேறு இடங்கள் ஏராளம். என் மனைவியின் தம்பிக்கு 29 வயது, ஜீவன்பீமா நகர் பக்கம் இருக்கிறான். தனியார் கம்பெனியில் நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவன், வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் ஏரியா வேலை என்று இறங்கிவிட்டான். ரேஷன் கார்டு, வோட்டர் ஐடி, ஆஸ்பத்திரியில் பெட், தண்ணீர் லாரி, யாருக்கு எது வேண்டுமானாலும் இவனுக்குத்தான் போன் வருகிறது. ஒரு கட்சியில் பிளாக் அளவில் பொறுப்பும் கொடுத்திருக்கிறார்கள், விசிட்டிங் கார்டில் பெயரைவிடப் பதவி பெரிய எழுத்தில் இருக்கிறது. கேட்டால் 2028-ல் டிக்கெட் கேட்பேன், கிடைக்காவிட்டால் 2033, எம்.எல்.ஏ. ஆகாமல் விடமாட்டேன் என்கிறான்.

மாமனார் மாமியாருக்குத் தூக்கம் போய்விட்டது. பெண் பார்க்கப் போன வீட்டில் "பையன் என்ன செய்கிறார்" என்று கேட்டார்கள், "சமூக சேவை" என்று மாமனார் சொன்னார், அப்புறம் எல்லோரும் அவரவர் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். எம்.எல்.ஏ. என்பது ஒரு ஆள் திட்டம் போட்டுப் படிப்படியாக ஏறக்கூடிய உத்தியோகமா, அல்லது லாட்டரியா? கர்நாடகாவில் தமிழ் பேசும் வீட்டுப் பையனுக்கு அங்கே இடம் உண்டா, முன்னால் யாராவது இருந்திருக்கிறார்களா? வீட்டில் இருப்பவர்கள் எத்தனை வருடம் இவனுக்குச் சோறு போட வேண்டியிருக்கும்? நேராகச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

சாம்பியன்_ரீஃப்

இருந்திருக்கிறார்களாவா? எங்கள் தங்கவயலில் (கே.ஜி.எஃப்.) வந்து கேட்டால் டீக்கடைக்காரரே ஒரு மணி நேரம் பாடம் எடுப்பார். கே.ஜி.எஃப். தொகுதியில் 1985-ல் மார்க்சிஸ்ட் கட்சியின் டி.எஸ். மணி, 1989-ல் அ.தி.மு.க. சார்பில் பக்தவத்சலம், 1994-ல் ரிபப்ளிகன் கட்சியின் ராஜேந்திரன், 1999-ல் மறுபடி பக்தவத்சலம், 2004-ல் மறுபடி ராஜேந்திரன். இருவரும் மாறி மாறி நாற்காலியில் உட்கார்ந்தார்கள். கர்நாடக சட்டமன்றத்தில் இரட்டை இலையில் ஜெயித்த ஆள் உட்கார்ந்திருந்தார் என்றால் இன்றைக்கு இருக்கிற பையன்கள் நம்பமாட்டார்கள்.

பெங்களூருக்குள்ளேயே ஒன்று சொல்கிறேன். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம், தமிழர் வீடுகள், கடைகள் எல்லாம் எரிந்தன. மூன்றே வருடம் கழித்து 1994 தேர்தலில், மெஜஸ்டிக் பக்கத்துக் காந்திநகர் தொகுதியில் அ.தி.மு.க.வின் முனியப்பா ஜெயித்தார். பயந்துபோய் ஒதுங்கிவிடுவார்கள் என்று நினைத்த ஜனம் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டது. அதற்கடுத்த 1999 தேர்தலில் அந்தத் தொகுதி காங்கிரசின் தினேஷ் குண்டுராவிடம் போனது, இன்றுவரை அவரிடம்தான் இருக்கிறது. ஆறு முறை தொடர்ந்து ஜெயித்தவர், 2023-ல் தப்பித்தது வெறும் 105 ஓட்டில்.

அன்றைக்கு எங்கள் ஊரில் எப்படி ஆள் உருவானார்கள் என்பதையும் சொல்லவேண்டும், உங்கள் மச்சினனுக்கு அதுதான் முக்கியம். தங்கச் சுரங்கம் இருந்தது, தொழிற்சங்கம் இருந்தது. ஷிஃப்ட் முடிந்து மேலே வந்தவன் கேட் மீட்டிங்கில் பேசுவான், நாலு முறை நன்றாகப் பேசினால் சங்கத்தில் பொறுப்பு, நிர்வாகத்தோடு உட்கார்ந்து போனஸ் பேசத் தெரிந்தால் நகரசபை, அதற்கப்புறம் சட்டமன்றம். ஒரு பைசா சொந்தப் பணம் இல்லாமல் ஆள் மேலே வர முடிந்தது, ஏனென்றால் அவனுக்குச் செலவு செய்தது சந்தா கட்டிய தொழிலாளி. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடினார்கள். அதோடு அந்த ஏணியும் போய்விட்டது. 2008-ல் தொடங்கி பி.ஜே.பி. இரண்டு தடவை, காங்கிரஸ் இரண்டு தடவை, எல்லாம் பெரிய கட்சி பி ஃபார்ம், அதாவது இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி கொடுக்கிற சீட்டு. எங்கள் பையன்கள் விடியற்காலை மாரிக்குப்பம் ரயிலில் தொங்கிக்கொண்டு பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள், ராத்திரி தூங்க மட்டும் ஊர். அவனுக்கு எங்கே சங்கம், எங்கே கேட் மீட்டிங்?

உங்கள் மச்சினனுக்கு அந்த மாதிரி ஒரு ஏணி எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

பழைய_பிஏ

நான் ஒரு எம்.எல்.ஏ. ஆபீசில் சில வருடம் இருந்தவன். எந்தத் தொகுதி, எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், இன்னும் அதே ஊரில்தான் குடித்தனம்.

விதான சௌதா என்கிற சட்டமன்றக் கட்டிடத்தைப் பார்த்துவிட்டு அங்கேதான் எம்.எல்.ஏ. வேலை நடக்கிறது என்று பையன் நினைத்துக்கொண்டிருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். அசெம்பிளி கூடுகிற நாள் வருடத்தில் கொஞ்சம்தான், அதில் பெலகாவிக் கூட்டத்தொடரும் அடக்கம். மீதி நாள் முழுவதும் வேலை வீட்டு வாசலில். காலை ஆறரைக்கே பிளாஸ்டிக் நாற்காலியில் ஆள் உட்கார்ந்திருப்பார்கள். காத்தா (சொத்துப் பதிவு) மாற்ற வேண்டும், காவேரித் தண்ணீர் கனெக்ஷன் வரவில்லை, ஹக்குப் பத்திரம் (மனை உரிமைப் பத்திரம்) கொடுக்காமல் இழுக்கிறார்கள், பையனை ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறார்கள், டீச்சருக்கு டிரான்ஸ்ஃபர், தனியார் ஆஸ்பத்திரியில் பிணத்தைக் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். இதில் பாதிக்குமேல் எம்.எல்.ஏ.வுக்குச் சட்டப்படி எந்த அதிகாரமும் இல்லாத விஷயங்கள். ஆனாலும் "எனக்கு அதிகாரம் இல்லை" என்று ஒருமுறை சொன்னால் தீர்ந்தது, அடுத்த தேர்தல்வரை அதை வைத்தே பேசுவார்கள்.

லெட்டர் எல்லோருக்கும் கொடுப்போம். லெட்டர்பேடு தீரத் தீர அச்சடிப்போம். ஆனால் அதிகாரிக்குத் தெரியும், லெட்டர் மட்டும் வந்தால் ஃபைலில் போட்டுவிடுவார், லெட்டர் போன அன்றைக்கே போனும் போனால்தான் அசைவார். யாருக்கு லெட்டர், யாருக்கு லெட்டரும் போனும் என்று தீர்மானிப்பதுதான் பி.ஏ. வேலையே. அங்கேதான் எதிரிகளும் உண்டாகிறார்கள். எங்கள் ஆளிடம் ஒரு நீல அட்டை டைரி இருந்தது, அதில் கூட்டம், அப்பாயின்ட்மென்ட் எதுவும் கிடையாது. எந்தத் தெருவில் யார் இறந்தார்கள், காரியம் என்றைக்கு, மூத்த பையன் பெயர் என்ன, இதுமட்டும்தான். கல்யாணத்துக்குக் கவர் கொடுத்தனுப்பலாம். சாவுக்கு நேரில் போகாவிட்டால் அந்தத் தெருவையே மறந்துவிட வேண்டியதுதான் என்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு குத்தலி பூஜை (வேலை தொடங்கும் பூமி பூஜை), இரண்டு கிரகப்பிரவேசம், நடுவில் ஒரு சாவு வீடு, அங்கே மாலையைப் போட்டுவிட்டு வந்து காரிலேயே சட்டையை மாற்றிக்கொண்டு அடுத்த பூஜைக்குப் போனோம். டிரைவர் டிக்கியில் எப்போதும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டைகள் வைத்திருப்பார்.

எத்தனை வருடம் சோறு போட வேண்டும் என்று கேட்டீர்கள், எம்.எல்.ஏ. சம்பளத்தைச் சொல்கிறேன். கர்நாடகாவில் 2025 மார்ச்சில் அமளிக்கு நடுவே மசோதாவை நிறைவேற்றி எம்.எல்.ஏ. அடிப்படைச் சம்பளத்தை 40,000-லிருந்து 80,000 ஆக்கினார்கள், படிகள் தனி. கேட்க நன்றாக இருக்கும். கல்யாணக் கவர், கோயில் கும்பாபிஷேகம், கணபதி பெண்டால், கன்னட ராஜ்யோத்சவப் பந்தல், கபடி டோர்னமென்ட் ஷீல்டு என்று அது எத்தனை நாளில் கரையும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். வருடத்துக்கு 2 கோடி தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு, ஆனால் அதைக் கையில் எடுத்துக் கொடுக்க முடியாது. எம்.எல்.ஏ. எந்த வேலை என்று எழுதிக் கொடுப்பார், செலவு செய்வது அதிகாரிகள். ஒரு பெங்களூர்த் தொகுதியில் ரோடும் வாய்க்காலும் போட 2 கோடி எந்த மூலைக்கு?

சட்டமன்றத்தில் கேள்வி கேட்பது, பட்ஜெட் மானியக் கோரிக்கையில் பேசுவது, கமிட்டி வேலை எல்லாம் வீண் என்று சொல்லவில்லை. எங்கள் ஆள் ஒரு நட்சத்திரக் கேள்வி (மந்திரி சபையில் வாயால் பதில் சொல்ல வேண்டிய கேள்வி) போட்டதால் ஒரு பள்ளிக்கூடக் கட்டிடம் நிஜமாகவே எழும்பியது, மந்திரி எழுந்து தேதி சொல்லிவிட்டால் துறை அலறும். ஆனால் அந்தக் கேள்விக்காக ஒருவர்கூட ஓட்டுப் போடவில்லை. கேள்வி போட்டது அவருக்கும் எனக்கும் அந்த ஹெட்மாஸ்டருக்கும் மட்டும் தெரியும்.

வக்கீல்_குமாஸ்தா

சட்டம் என்ன சொல்கிறது என்று யாரும் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். வயது 25 ஆகியிருக்க வேண்டும், அது சரி. அந்த மாநிலத்தில் ஏதாவது ஒரு சட்டமன்றத் தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும், நிற்கிற தொகுதியிலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. டெபாசிட் பொதுவில் 10,000, எஸ்.சி., எஸ்.டி. வேட்பாளருக்கு 5,000, செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் போச்சு. அங்கீகாரம் பெற்ற கட்சி வேட்பாளருக்கு ஒருவர் முன்மொழிந்தால் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர் கையெழுத்து வேண்டும். பி ஃபார்ம் கடைசி நாள் மதியம் மூன்று மணிக்குள் தேர்தல் அதிகாரி கையில் போகவேண்டும், மூன்று அடித்து ஒரு நிமிடம் ஆனாலும் கதை கந்தல்.

பையன் மேல் ஏதாவது தர்ணா, மறியல் எஃப்.ஐ.ஆர். இருந்தால் பயப்பட வேண்டாம், வழக்கு இருப்பதாலேயே தகுதி போகாது. ஆனால் ஃபார்ம் 26 பிரமாணப் பத்திரத்தில் மறைக்காமல் எழுத வேண்டும், பத்திரிகையில் விளம்பரமும் கொடுக்க வேண்டும். பொதுவாக இரண்டு வருடமோ அதற்கு மேலோ தண்டனை வந்தால் பதவி போகும், சில குறிப்பிட்ட குற்றங்களுக்கு அதைவிடக் குறைந்த தண்டனையே போதும். 2013-க்கு முன்னால் மேல்முறையீடு போட்டுவிட்டுப் பதவியில் ஒட்டிக்கொண்டிருக்கலாம், உச்ச நீதிமன்றம் லில்லி தாமஸ் வழக்கில் அந்தக் கதவை அடைத்துவிட்டது.

இப்போது முக்கியமான விஷயம். ஜீவன்பீமா நகர் என்றால் சி.வி. ராமன் நகர் தொகுதி, அது எஸ்.சி. தனித் தொகுதி. பக்கத்துப் புலிகேசிநகரும் தனித் தொகுதி, கே.ஜி.எஃப்.பும் இப்போது தனித் தொகுதி. தமிழ் பேசுபவர்கள் நெருக்கமாக வாழ்கிற இடங்களில் பல இப்படித்தான் இருக்கின்றன. உங்கள் மச்சினன் குடும்பம் எஸ்.சி.யா இல்லையா என்று எனக்குத் தெரியாது, இல்லை என்றால் அவன் வேறு தொகுதி பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஆம் என்றால் சான்றிதழ் எந்த மாநிலம் கொடுத்தது என்று உடனே பாருங்கள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951-ல் இரண்டு பிரிவுகள் அடுத்தடுத்து இருக்கின்றன. லோக்சபா தனித் தொகுதி என்றால் எந்த மாநிலத்து எஸ்.சி.யாக இருந்தாலும் நிற்கலாம். சட்டமன்றத் தனித் தொகுதி என்றால் அந்த மாநிலத்து எஸ்.சி.யாகத்தான் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுச் சான்றிதழை வைத்துக்கொண்டு எம்.பி. ஆகலாம், கர்நாடகாவில் தனித் தொகுதி எம்.எல்.ஏ. ஆக முடியாது. வேடிக்கையாக இருக்கும், ஆனால் மனுப் பரிசீலனை அன்றைக்கு எதிர்க்கட்சி வக்கீல் இதைத்தான் முதலில் கையில் எடுப்பார்.

சாதிப் பெயர் இரண்டு மாநிலப் பட்டியலிலும் இருக்கிறது, ஆதி திராவிடர் இங்கேயும் உண்டே என்பார்கள். பெயர் இருந்தால் மட்டும் போதாது. 1950 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் உத்தரவு வந்தபோது குடும்பம் எங்கே குடியிருந்தது என்பதுதான் கேள்வி. அப்புறம் வந்தவர்கள் இங்கே எத்தனை தலைமுறை இருந்தாலும் சிக்கல்தான்.

ஹலசூர்வாசி

அண்ணா, ஆமாம், எஸ்.சி.தான். மாமனாருடைய அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து பின்னி மில் வேலைக்கு வந்தவர், சுதந்திரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார் என்று சொல்வார்கள். ஆனால் மாமனார் சான்றிதழ் எங்கே வாங்கினார் என்பது யாருக்கும் நினைவில்லை. மில் அடையாள அட்டை, பழைய பி.எஃப். சீட்டு மாதிரி ஏதாவது செல்லுமா?

பழைய பி.ஏ. சார் எழுதியதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "இதையேதானே இவன் இப்போதே சம்பளம் இல்லாமல் செய்கிறான்" என்றாள்.

வக்கீல்_குமாஸ்தா

தாராளமாகச் செல்லும், 1950-க்கு முந்தைய தேதி போட்ட எந்தக் காகிதமும் தங்கம்தான். மில் ரெக்கார்டு, பள்ளிக்கூட அட்மிஷன் ரிஜிஸ்டர் நகல், முனிசிபாலிட்டி பிறப்புச் சான்று, வாடகை ரசீது, சர்ச் ஞானஸ்நானப் பதிவேடு எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். கடைசியில் சொன்னதில் மட்டும் ஜாக்கிரதை, கிறிஸ்தவராகப் பதிவாகியிருந்தால் எஸ்.சி. தகுதியே வேறு வழக்காகிவிடும். தாசில்தார் கர்நாடகச் சான்றிதழ் கொடுத்து, அதன் செல்லுபடியையும் உறுதி செய்து வாங்கிவிட்டால் நிம்மதி. தேர்தலுக்கு ஒரு மாதம் முன்னால் போய் நிற்காதீர்கள்.

சயான்_கோலிவாடா

மும்பையிலிருந்து எழுதுகிறேன், எங்கள் கதையையும் கேளுங்கள். எங்கள் சயான் கோலிவாடா தொகுதி எம்.எல்.ஏ. கேப்டன் தமிழ்ச்செல்வன், புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில் பார்சல் வேலையில் இருந்தவர், 2008 நவம்பர் 26 தாக்குதல் அன்று அங்கே அடிபட்டவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஓடியவர்களில் ஒருவர். மாநகராட்சியில் பி.ஜே.பி. கவுன்சிலர், அப்புறம் 2014, 2019, 2024 என்று மூன்று முறை சட்டமன்றம். அவர் கட்சி எனக்குப் பிடிக்காது, அவர் அரசியலைப் பற்றி ஒரு மணி நேரம் குறை சொல்வேன், அது வேறு. ஆனால் தாக்கரேக்கள் ஊரில் தமிழ்ப் பெயரை வைத்துக்கொண்டு ஒருவர் மூன்று முறை ஜெயிக்கிறார் என்றால் தமிழ் ஓட்டு மட்டும் போட்டு அது நடக்காது. பஞ்சாபி, மராத்தி, குஜராத்தி, வடக்கத்தி எல்லாரும் போட வேண்டும்.

தமிழ்ச் சங்கம், பொங்கல் விழா, முருகன் கோயில் பால்குடம் என்று மட்டும் சுற்றினால் உங்கள் மச்சினன் தமிழர்களுக்குத் தலைவர் ஆவான், எம்.எல்.ஏ. ஆகமாட்டான். கன்னடம் எப்படி? பேசுகிற கன்னடம் இல்லை, மனு எழுதுகிற கன்னடம், மேடையில் அரை மணி நேரம் பேப்பர் பார்க்காமல் பேசுகிற கன்னடம்.

சிவாஜிநகர்_ரஸ்ஸல்மார்க்கெட்

எல்லோரும் பையனுக்கு ஆசை காட்டுகிறீர்கள். நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன்.

புலிகேசிநகர் எடுத்துக்கொள்ளுங்கள். அகண்ட சீனிவாசமூர்த்தி 2018-ல் காங்கிரசில் நின்று எண்பதாயிரத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். 2020-ல் டி.ஜே. ஹள்ளி கலவரத்தில் அவர் வீட்டையே எரித்தார்கள். 2023-ல் அதே கட்சி அவருக்கு டிக்கெட் கொடுக்கவில்லை. எண்பதாயிரம் வித்தியாசத்தில் ஜெயித்தவருக்கே இந்தக் கதி. அந்தப் பக்கம் ஜெயநகரில் அதே 2023-ல் ஒரு வேட்பாளர் மறு எண்ணிக்கைக்குப் பிறகு 16 ஓட்டில் தோற்றார், அவருடைய அப்பா ராமலிங்க ரெட்டி, கவுன்சிலராக ஆரம்பித்து எட்டு முறை எம்.எல்.ஏ. ஆனவர். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கே 16 ஓட்டு கிடைக்கவில்லை.

செலவு. சட்டப்படி ஒரு வேட்பாளர் 40 லட்சம் வரைதான் செலவு செய்யலாம். பெங்களூரில் ஒரு தொகுதியில் பேனர், பூத் சாப்பாடு, வண்டி வாடகைக்கே அது போதாது என்று ஆட்டோக்காரருக்கும் தெரியும். கட்சி தன் கணக்கில் செய்கிற செலவுக்கு வரம்பே கிடையாது. டிக்கெட் கேட்கும்போது மேலிடம் கேட்கிற முதல் கேள்வி "எவ்வளவு போடுவாய்" என்பதுதான், உன் ஏரியா வேலை எல்லாம் இரண்டாவது.

அப்படியே ஜெயித்தாலும் என்ன? கட்சித் தாவல் சட்டம் வந்த 1985-லிருந்து கட்சி விப் (இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்கிற கட்டளை) கொடுத்தால் கையைத் தூக்க வேண்டும், சொந்த அபிப்பிராயத்தை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். மந்திரி கனவா? மொத்த உறுப்பினரில் 15 சதவீதத்துக்கு மேல் மந்திரி கூடாது, 224-க்கு முதல்வரையும் சேர்த்து 34 பேர். அந்த 34-க்காகத்தான் 2019-ல் பல எம்.எல்.ஏ.க்கள் ராஜினாமா செய்துவிட்டு மும்பை ஓட்டலில் போய்த் தங்கியதெல்லாம் நடந்தது. சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தார், உச்ச நீதிமன்றம் நீக்கம் சரி, ஆனால் மறுபடி தேர்தலில் நிற்கலாம் என்றது, அவர்களில் பல பேர் இடைத்தேர்தலில் ஜெயித்துத் திரும்பி வந்து மந்திரியும் ஆனார்கள். ஓட்டுப் போட்ட ஜனமே அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த ஆட்டத்தில் 29 வயதுப் பையன் என்ன செய்யப்போகிறான்? வேலைக்குத் திரும்பிப் போகச் சொல்லுங்கள் சார்.

பழைய_பிஏ

ரஸ்ஸல் மார்க்கெட் அண்ணன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள், சாம்பியன் ரீஃப் கேட்ட ஏணிக் கேள்விக்கும் இதுதான் பதில். பெங்களூரில் அந்த ஏணி கவுன்சிலர் பதவி. பெரிய பெரிய ஆட்கள் பல பேர் அங்கிருந்து வந்தவர்கள்தான். மாநகராட்சியில் 198 வார்டு இருந்ததால் ஒரு ஏரியாவில் பத்தாயிரம் ஓட்டுள்ள சின்னச் சமூகத்து ஆளும் ஜெயிக்க முடிந்தது. தமிழ், தெலுங்கு, உருது பேசுகிற பையன்கள் பல பேர் அப்படித்தான் உள்ளே வந்தார்கள். 2015-ல் கடைசியாகத் தேர்தல் நடந்தது, 2020 செப்டம்பரில் காலம் முடிந்தது, அப்புறம் வருடக்கணக்கில் தேர்தலே வைக்கவில்லை. எல்லைப் பிரிப்பு, இட ஒதுக்கீடு, கோர்ட்டு, 2025-ல் கிரேட்டர் பெங்களூர் ஆணையம், மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்தல் என்று தள்ளிக்கொண்டே போனார்கள். ஆட்சி மாறியும் இது மாறவில்லை. ஏன் என்று உள்ளே இருந்தவனாகச் சொல்கிறேன்: கவுன்சிலர் இல்லாவிட்டால் வார்டு வேலை மொத்தமும் எம்.எல்.ஏ. மூலமாகப் போகும். எந்தக் கான்ட்ராக்டர், எந்தத் தெரு, எல்லாம் அவர் கையில். நாளைக்குத் தனக்கே போட்டியாக நிற்கப்போகிற கவுன்சிலரைத் தானே உருவாக்கிக் கொடுக்க எந்த எம்.எல்.ஏ.வுக்கு அவசரம் இருக்கும்?

அதனால் 2028 சட்டமன்றம் என்கிற பேச்சை உங்கள் மச்சினன் விடட்டும். வார்டுத் தேர்தலில் டிக்கெட் கேட்கட்டும். அங்கே டிக்கெட் கிடைக்காவிட்டால் எங்கேயும் கிடைக்காது, அப்போது வேலைக்குத் திரும்பலாம், முப்பது முப்பத்தொன்று ஒன்றும் வயதில்லை.

அவனுக்கு இது பொழுதுபோக்கா தொழிலா என்று தெரிய ஒரு சோதனை சொல்கிறேன். 2023 தேர்தலுடைய ஃபார்ம் 20 இணையத்தில் கிடைக்கும், எந்தப் பூத்தில் யாருக்கு எத்தனை ஓட்டு என்று மொத்தமும் அதில் இருக்கும். ஏரியா வேலை செய்கிற நூறு பேரில் தொண்ணூறு பேர் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். அவனுடைய பூத் எண் என்ன, அதில் ஜெயித்தவருக்கு எவ்வளவு, இரண்டாவது வந்தவருக்கு எவ்வளவு, செத்துப்போனவர்கள் பெயர் இன்னும் பட்டியலில் எத்தனை இருக்கிறது என்று போனைப் பார்க்காமல் சொல்லச் சொல்லுங்கள். சொல்லிவிட்டால் இன்னும் ஒரு வருடம் சோறு போடுங்கள். முழித்தால் ரெஸ்யூமே தயார் பண்ணச் சொல்லுங்கள்.

ஹலசூர்வாசி

கேட்டுவிட்டேன். அவனுடைய பூத்துக்கு மட்டும் இல்லை, அடுத்த தெருப் பூத்துக்கும் சேர்த்துச் சொன்னான், எந்த பில்டிங்கில் வாடகைக்காரர்கள் காலி செய்துவிட்டுப் போயும் ஓட்டு அங்கேயே இருக்கிறது என்பதுவரை. ஃபார்ம் 20-ஐ எடுத்துச் சரிபார்த்தேன், எண்கள் சரி. மாமனாருக்கு இதைக் கேட்டுச் சந்தோஷமா துக்கமா என்று முகத்தைப் பார்த்தால் தெரியவில்லை. மேடைக் கன்னடம் சுமார்தான் என்று அவனே ஒத்துக்கொள்கிறான், அதற்கு ஒரு வாத்தியாரைப் பிடித்திருக்கிறோம்.

வக்கீல் அண்ணா, இன்னொரு சந்தேகம். பின்னி மில் சம்பந்தமாகப் பீரோவில் ஒரு சீட்டு கிடைத்தது, தாத்தா பெயர் இருக்கிறது, டிக்கெட் நம்பர் இருக்கிறது, வருடம் இருக்கிற மூலையைக் கரையான் தின்றுவிட்டது. மில் மூடிவிட்டதே, அந்த டிக்கெட் நம்பரை வைத்து லேபர் ஆபீசிலோ பி.எஃப். ஆபீசிலோ பழைய பதிவேட்டைத் தேடச் சொல்லி மனுப் போட முடியுமா?